பசடேனாவின் கேம்பிள் வீடு: மரத்துக்கு வெள்ளை அடிக்காமல் விட்ட வீடு

கிழக்குவாசல்:

போன மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கலிஃபோர்னியா பசடேனாவில் இருக்கும் கேம்பிள் வீட்டைப் பார்க்கப் போனேன். அப்பா தேவகோட்டைப் பக்கம் நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். என்னோடு மூன்று மாதம் இருக்க வந்திருக்கிறார். டிஸ்னிலேண்டைக் காட்டினேன், கடற்கரையைக் காட்டினேன், எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. மர வேலைக்குப் பேர்போன பழைய வீடு ஒன்று இருக்கிறது என்றதும்தான் வேட்டியை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் ஏறினார்.

தெரியாதவர்களுக்கு: இது 1908, 1909இல் கட்டிய வீடு. சோப்பு வியாபாரத்தில் பெரிய கைகளான பிராக்டர் அண்ட் கேம்பிள் குடும்பத்தின் டேவிட் கேம்பிளும் அவர் மனைவி மேரியும் குளிர்காலத்தைக் கழிக்கக் கட்டிக்கொண்டது. வரைந்தவர்கள் சார்ல்ஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்ற அண்ணன் தம்பி. சுவர், ஜன்னலோடு நிற்காமல் நாற்காலி, மேசை, விளக்கு, தரை விரிப்பு வரைக்கும் அவர்களே வரைந்தார்கள். 1966இல் குடும்பத்தார் வீட்டைப் பசடேனா நகரத்துக்கும் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அருங்காட்சியகம்.

உள்ளே நுழைந்ததுமே மாடிப்படி. முழுக்கத் தேக்கு. நம் ஊரில் படியின் கைப்பிடிச் சட்டம் சரிவாக ஒரே கோடாக ஏறும். இங்கே படியோடு படியாக அதுவும் ஒவ்வொரு எட்டாக ஏறுகிறது. எட்டு திரும்பும் இடத்தில் ஒரு மரம் இன்னொன்றுக்குள் கைகோத்த மாதிரி புகுந்து நிற்கிறது. அந்த இணைப்பை மறைக்கவே இல்லை. விளிம்பையெல்லாம் மழுக்கி இழைத்திருக்கிறார்கள், ஆற்றில் கிடந்து தேய்ந்த கல் மாதிரி. அங்கங்கே சதுரமாகக் கறுப்புக் கட்டைகள் துருத்திக்கொண்டு தெரியும். கருங்காலி. சில இடத்தில் உள்ளே திருகாணி, அதை மூடத்தான் இந்தக் கட்டை.

பொருள்களைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார், ஒரு மணி நேரமும் அவிழ்க்கவில்லை. மாடிப்படிப் பக்கத்தில் மட்டும் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "திருகாணிய மறைக்கலடா. இங்கதான் இருக்குன்னு பொட்டு வச்சுக் காட்டிருக்கான்."

எனக்கு இதில் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டை அருங்காட்சியகமாக்கி, தொடாதே உட்காராதே என்று காப்பாற்றுவது சரியா? இல்லை, யாராவது குடியிருக்க வேண்டுமா? திரும்பி வரும் வழியெல்லாம் இதையே பேசிக்கொண்டு வந்தோம். அப்பா குடியிருக்க வேண்டும் என்கிறார். நான் இப்படியே இருக்கட்டும் என்கிறேன்.

வளவுக்காரி:

தம்பி, நான் அப்பா கட்சி. எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம். பத்துப் பன்னிரண்டு பங்காளிகள், ஆளுக்கொரு ஊர். வருஷத்தில் கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் போடும் படைப்புக்கோ இரண்டு மூன்று நாள் திறப்போம், அப்புறம் பூட்டு. ஆள் புழங்காத வீட்டில் முதலில் கரையான் வரும், அடுத்து ஓடு விலகும், அதற்கடுத்து தண்ணீர். அடுப்பெரிந்து, வாசல் தெளித்து, பிள்ளைகள் ஓடினால்தான் வீடு நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வீட்டுக்கு உயிர் ஏது?

இழைப்புளி:

அக்கா சொல்வது நம் ஊருக்குச் சரி. கேம்பிள் வீட்டின் கதையில் ஒரு முக்கியமான திருப்பம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

டேவிட், மேரி இருவரும் 1920களில் காலமானார்கள். மேரியின் தங்கை ஜூலியா 1940களின் தொடக்கம் வரை அங்கே இருந்தார். அவருக்குப் பிறகு டேவிட், மேரியின் மகன் செசிலும் மருமகள் லூயிஸும் வீட்டை விற்றுவிடலாம் என்று நினைத்தார்கள். அந்தக் காலத்தில் இந்த மாதிரி வீட்டுக்கு மவுசு இல்லை. இருட்டு, பழைய பாணி என்று ஒதுக்கினார்கள். வாங்க வந்த ஒருவர் உள்ளே சுற்றிப் பார்த்துக்கொண்டே, இந்த மரத்துக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட் அடித்தால் வெளிச்சமாகிவிடும் என்று கூட வந்தவரிடம் முணுமுணுத்தாராம். அது லூயிஸ் காதில் விழுந்தது. அதோடு விற்கும் பேச்சை நிறுத்திவிட்டு அவர்களே குடியேறிவிட்டார்கள். அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லும் கதை இது.

தேக்குக்கு ஒரு கை வெள்ளை அடித்துவிட்டால் திரும்பச் சுரண்டி எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சுரண்டியவனுக்குத்தான் தெரியும். பெயிண்ட் மர ரேகைக்குள்ளே இறங்கிவிடும். எடுக்கும்போது மேல் தோலும் சேர்ந்து வரும், மழுக்கி இழைத்த விளிம்பு கூர்மையாகிவிடும். கிரீன் சகோதரர்களின் வேலையே அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

செம்மண்:

எல்லோரும் மரத்தையே பார்க்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

இந்த வீடு ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்ற கைவினை இயக்கத்தின் வழியில் வந்தது. அந்த இயக்கம் இங்கிலாந்தில் எதற்காகப் பிறந்தது? ஆலைகள் வந்து கைத்தொழிலாளி எந்திரத்தின் உறுப்பாகிவிட்டான், அவனுக்கு வேலையில் மகிழ்ச்சி திரும்ப வேண்டும், சாதாரண வீட்டில் அழகான பொருள் இருக்க வேண்டும் என்பதற்காக. அதன் முன்னோடியான வில்லியம் மாரிஸ் இதைப் பேசிப் பேசியே சோஷலிஸ்டானார். முடிவில் அந்தப் பொருளை யார் வாங்கினார்கள்? கையால் செய்தால் விலை ஏறும், விலை ஏறினால் பணக்காரன்தான் வாங்குவான். கேம்பிள் வீடு அதன் உச்சம். இந்த வகை வீடுகளை அமெரிக்காவில் உச்சக்கட்ட பங்களா என்றே சொல்கிறார்கள். பங்களா என்ற சொல்லே வங்காளத்துக் குடிசையிலிருந்து போனது. குடிசையின் பெயர் எங்கே போய் ஏறி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

தேக்கு எங்கிருந்து வந்தது? பர்மா. அன்றைக்கு அது வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த காடு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும் என்பதால், மரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் காயவிட்டு, அப்புறம் சாய்த்து யானையை வைத்து இழுத்து ஆற்றில் விட்டார்கள். இதையும் அந்த மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்று யாராவது சொல்ல வேண்டும்.

வளவுக்காரி:

செம்மண், கோபிக்க ஒன்றும் இல்லை. அதே பர்மாத் தேக்குத்தான் எங்கள் வீட்டுக் கூடமான பட்டாலையில் தூணாக நிற்கிறது. எங்கள் முன்னோர் பர்மாவில் வட்டித் தொழில் செய்து சம்பாதித்ததில் வாங்கியது. அங்கே உழவன் நிலத்தை இழந்த கதையும் எங்கள் வீட்டுத் தூணுக்குள் இருக்கிறது. சின்ன வயதில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் சொல்வது போல அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் சொல்வதற்கு அந்தத் தூண் நின்றாக வேண்டும் அல்லவா?

இழைப்புளி:

செம்மண் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். கேம்பிள் வீட்டில் தச்சனின் பெயர் நின்றிருக்கிறது. மர வேலை பீட்டர் ஹால், ஜான் ஹால் என்ற சகோதரர்களுடையது, ஸ்வீடனிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். கண்ணாடி வேலை எமில் லாங்கேயின் பட்டறை. கிரீன் பெயரைச் சொல்லும் இடத்திலெல்லாம் ஹால் பெயரையும் சொல்கிறார்கள். கிரீன் சகோதரர்களே பள்ளிப் பருவத்தில் செயின்ட் லூயிஸில் ஒரு கைத்தொழில் பள்ளியில் உளி பிடித்துப் படித்தவர்கள். அதனால்தான் அவர்கள் வரைந்ததைத் தச்சனால் செய்ய முடிந்தது. தச்சன் சொன்னது அவர்களுக்கும் புரிந்தது.

நம் பக்கத்து வீடுகளில் நிலைக்கு மேலே கஜலட்சுமியைச் செதுக்கியவர் பெயர் ஒன்றைச் சொல்லுங்கள். எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. அந்த வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

தேம்ஸ்கரை:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். மாரிஸ் பேச்சு வந்ததால் அவருடைய சொந்த வீட்டைச் சொல்ல வேண்டும். ரெட் ஹவுஸ், லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் பெக்ஸ்லிஹீத்தில் இருக்கிறது. நண்பர் பிலிப் வெப் 1859இல் வரைந்து கொடுத்தார், 1860இல் குடிபுகுந்தார்கள். செங்கல்லை மூடாமல் விட்ட வீடு, பெயரே அதனால்தான். நண்பர்கள் வாரக் கடைசியில் வந்து சுவரில் ஓவியம் வரைவார்கள். கூரையின் உட்புறத்தில் ஈரச் சாந்திலேயே ஊசியால் குத்தின மாதிரி புள்ளி வைத்துக் கோலம் போட்டிருக்கிறார்கள். பின்னால் வண்ணம் பூசுபவர் புள்ளியைப் பிடித்துக்கொண்டு போகலாம். நம் வாசல் கோலத்தின் புள்ளிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மாரிஸ் அங்கே இருந்தது ஐந்தே வருஷம். 1865இல் கிளம்பியவர் திரும்ப வந்து பார்க்கவே இல்லை. பார்த்தால் தாங்காது என்றாராம். பெயர்த்து எடுக்க முடியாத அளவுக்குப் பெரிய பெஞ்சும் அலமாரியும் தங்கின, மற்றதெல்லாம் போயிற்று. பிறகு கை மாறி மாறி, 1952இல் எட்வர்ட் ஹாலம்பி என்ற கட்டிடக் கலைஞர் குடும்பத்தோடு வந்து, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்து, பழுது பார்த்து, கேட்டு வந்தவர்களுக்குக் காட்டியும் வந்தார். அவர் காலமான பிறகு 2003இல், பழைய கட்டிடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. பத்து வருஷம் கழித்து ஒரு படுக்கையறையில் அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவரில் ஆதாம் ஏவாள், நோவா என்று வரிசையாக உருவங்கள் வெளிப்பட்டன. மாரிஸின் ஓவிய நண்பர்கள் ரொசெட்டி, எலிசபெத் சிடால் எல்லோரும் சேர்ந்து வரைந்தது என்கிறார்கள்.

ஆக, கிழக்குவாசல் கேட்ட கேள்விக்கு ரெட் ஹவுஸில் இரண்டு பதிலும் இருக்கின்றன. ஹாலம்பி குடும்பம் அங்கே சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்ததால்தான் வீடு தப்பியது. சுவருக்குள் இருந்ததைப் பொறுமையாகத் தேடி எடுக்க ஓர் அமைப்பு வேண்டியிருந்தது.

கிழக்குவாசல்:

தேம்ஸ்கரை, நன்றி. புள்ளிக் கோலம் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சாந்து இறுகுவதற்குள் குத்த வேண்டும், அதற்கு எத்தனை பேர் ஏணியில் நின்றார்களோ என்று கேட்டார்.

நான் ஏன் இப்படியே இருக்கட்டும் என்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. கேம்பிள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் அதே சகோதரர்கள் 1907இல் கட்டிய பிளாக்கர் வீடு இருக்கிறது. கேம்பிளைவிடப் பெரியது. 1940களில் வீட்டுக்கார அம்மாள் காலமான பிறகு நாற்காலி, மேசையெல்லாம் வீட்டு முற்றத்திலேயே விற்றுப்போயிற்று. 1985இல் டெக்சாஸ்காரர் ஒருவர் வீட்டை வாங்கினார். வாங்கின கையோடு விளக்குகளைக் கழற்றினார், வண்ணக் கண்ணாடிகளையும் எடுத்தார். தனித்தனியாக விற்றால் வீட்டுக்குக் கொடுத்ததில் பெரும்பங்கு திரும்பிவிடும் என்ற கணக்கு. ஊரே கொதித்துப்போய், நகர மன்றம் அவசரச் சட்டம் போட்டது. ஆனால் போனது போனதுதான். இன்றைக்கு அந்த விளக்குகள் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் ஆளுக்கொன்றாக இருக்கின்றன. 1990களில் வந்த உரிமையாளர்கள் பல வருஷம் உழைத்து, அதே அச்சில் புது விளக்குகள் செய்து மாட்டி வீட்டை மீட்டார்கள். மனசார அவர்களைப் பாராட்டுகிறேன்.

கேம்பிள் வீட்டு விளக்கைப் பார்த்தபோது இது ஏன் வலிக்கிறது என்று புரிந்தது. விளக்கு தோல் வாரில் தொங்குகிறது. வார் மேலே மரச் சட்டத்தில் போய்ச் சேரும் இடத்தில் சட்டமே அதற்காக வடிவம் கொண்டிருக்கிறது. கீழே மேசை விளிம்பிலும் அதே வளைவு. சன்னமாகப் படி ஏறி இறங்கும் ஒரு கோடு, மேகம் மாதிரி. கதவின் குறுக்குச் சட்டத்திலும் அது, நாற்காலி முதுகிலும் அது. ஒன்றைக் கழற்றினால் மற்றதெல்லாம் எதற்கோ காத்திருக்கிற மாதிரி ஆகிவிடும். கேம்பிள் குடும்பம் செய்த பெரிய காரியம் வீட்டைக் கொடுத்தது மட்டும் இல்லை. உள்ளே இருந்ததைப் பிரிக்காமல் கொடுத்தது.

செம்மண்:

பிளாக்கர் வீட்டுக் கதை எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: பணக்காரனின் தனி வீடாகவே இருந்திருந்தால் உங்கள் அப்பா உள்ளே கால் வைத்திருக்க முடியாது. அருங்காட்சியகமானதால்தான் ஒரு தேவகோட்டைத் தச்சர் பீட்டர் ஹாலின் வேலையைப் பார்த்தார். மாரிஸ் நினைத்தது நூறு வருஷம் தாமதமாக, வேறு வழியில் நடந்திருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மூன்றாமாண்டு:

நான் சென்னையில் கட்டிடக்கலை படிக்கிறேன். யாரும் சொல்லாத ஒன்று: கேம்பிள் வீட்டில் இப்போதும் ஆட்கள் குடியிருக்கும் ஏற்பாடு உண்டு! பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலை மாணவர்கள் இரண்டு பேரை ஒவ்வொரு வருஷமும் தேர்ந்தெடுத்து அங்கே தங்க வைப்பார்கள். பகலில் பார்வையாளர்கள், இரவில் மாணவர்கள். ஒரு வருஷம் முழுக்க, மழையிலும் வெயிலிலும் அந்த மரம் எப்படி நடந்துகொள்கிறது என்று கூடவே இருந்து பார்க்கலாம். எங்கள் வகுப்பில் எல்லோருடைய கனவும் இதுதான்.

மற்றபடி அந்த வீடு ஒன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை அக்கா. வெயில், மழை எல்லாம் படுகிறது. கூரைக் கைமரங்களின் நுனியை ஓட்டுக்கு வெளியே நீட்டி விட்டிருக்கிறார்கள், நிழல் விழும் அழகுக்காக. அந்த நுனிகள் நனைந்து உளுத்துப்போய், 2003, 2004இல் பெரிய பராமரிப்பு வேலை நடந்தது. வெட்டிப் போட்டுப் புது மரம் வைப்பதைக் கூடிய மட்டும் தவிர்த்து, உளுத்த மரத்துக்குள் பிசின் ஏற்றி இறுக வைத்துப் பழைய மரத்தையே காப்பாற்றினார்கள். எங்கள் பேராசிரியர் ஒரு வகுப்பு முழுக்க இதை மட்டும் நடத்தினார்.

கிழக்குவாசல் அண்ணா, திண்ணைச் சுவரைப் பார்த்தீர்களா? சூளையில் தீக்கு மிக அருகில் இருந்து கருகி முறுக்கிக்கொண்ட செங்கல்லை, வேறு யாராவது தூக்கிப் போட்டிருப்பார்கள், இவர்கள் ஆற்றுப் பாறைகளோடு கலந்து கட்டியிருக்கிறார்கள். சுவர் மண்ணிலிருந்து தானாக முளைத்த மாதிரி இருக்கும் என்று படத்தில் பார்த்து நினைத்திருக்கிறேன்.

கிழக்குவாசல்:

பார்த்தேன் தம்பி. முளைத்த மாதிரியேதான் இருக்கிறது. அப்பா அதைப் பார்த்து, "கோணக் கல்லுக்குத்தான் கை அதிகம் வேணும்" என்றார்.

வளவுக்காரி:

இரவில் மாணவர்கள் தங்குவார்கள் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. விளக்குப் போட ஒரு கை இருக்கிறதே, அது போதும்.

முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய் அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். என் பேத்தி அங்கேதான் முதன்முதலாக முகப்பு, வளவு என்று வீட்டின் பகுதிகளுக்கு நாங்கள் சொல்லும் சொற்களைக் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமும் வந்தது. அதுவும் தப்பின வீடு. பிரித்த வீடுகள் பெரும்பாலும் அப்படிச் சேர்வதில்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் நடந்தால் ஒரு கடையில் நிலை, அடுத்த கடையில் தூண், இன்னொன்றில் எனாமல் தட்டு. எந்த வீட்டுத் தூண், எந்த வீட்டு நிலை என்று யாருக்கும் தெரியாது.

கிழக்குவாசல்:

அக்கா, இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பாவிடம் கேட்டேன், எழுது என்றார்.

அப்பா அந்தத் தூண்களைக் கழற்றும் வேலைக்கும் போயிருக்கிறார். தொண்ணூறுகளில் புது வேலை குறைந்துபோன சமயம். வீட்டைப் பிரிக்க மேஸ்திரி கூப்பிடுவார், தினக்கூலி. என் பள்ளிக்கூடச் செலவு அந்தக் காசில் நடந்தது. கழற்றுவதற்குத்தான் நல்ல தச்சன் வேண்டும் என்பார் அப்பா. மரம் மரத்தோடு பூட்டியிருக்கும் இடம் எங்கே என்று தெரியாதவன் கடப்பாரையை வைப்பான், உள்ளே நுழைந்திருக்கும் கழுந்து உடையும். அப்பா உடைத்ததே இல்லை. ஒரு நிலையைப் பிரித்தபோது இணைப்புக்காக வெட்டிய காடிக்குள்ளே, வெளியே தெரியாத இடத்தில், கட்டினவர் உளியால் சின்னதாக ஒரு மீன் கீறி வைத்திருந்தாராம். நூறு வருஷமாக யார் கண்ணிலும் படாத மீன். அப்பா அதைப் பார்த்தார், அன்றைக்கே லாரியில் ஏற்றி விட்டார்கள்.

கேம்பிள் வீட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நின்றது, தொடக்கூடாது என்று அங்கே சொன்னதால்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

இழைப்புளி:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த மீனைப் பற்றி எழுதியதற்கு நன்றி. இழைப்பாளனின் பெயர் எதுவும் தெரியாது என்று நான் மேலே எழுதினேன். கையெழுத்துப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள், நமக்குத் தெரியும் இடத்தில் போடவில்லை.

கிழக்குவாசல்:

சொன்னேன். சிரித்தார்.

அவருக்கு ஒரு சந்தேகம் இன்னும் தீரவில்லை. மாடிப்படிக் கைப்பிடியில் எட்டு திரும்பும் அந்த இணைப்பு, மேலிருந்து பார்த்தால் புரிகிறது. அடிப்பக்கம் எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நேற்று என் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, கிடைத்த ஓக் துண்டில் இரண்டு விதமாகச் செய்து பார்த்தார். ஒன்று இறுகவில்லை. இன்னொன்று இறுகியது, ஆனால் பூட்டுக் கோடு வெளியே தெரிகிறது. அங்கே தெரியவில்லை என்கிறார். அடுத்த மாதம் 10ஆம் தேதி ஊருக்குக் கிளம்புகிறார்.

மூன்றாமாண்டு:

அண்ணா, என் சீனியர் ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு படிக்கிறார். வீட்டில் தங்கியிருக்கும் மாணவர்களைத் தெரியுமா என்று கேட்கிறேன். தெரிந்தால் கையே வைக்க வேண்டாம், படிக்குக் கீழே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு படம் வரைந்து அனுப்பச் சொல்கிறேன். அப்பா செய்த இரண்டு துண்டையும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

கிழக்குவாசல்:

இன்றைக்குச் சாயங்காலம் வெளிச்சம் சாய்வதற்குள் எடுத்துப் போடுகிறேன். மூன்றாவது துண்டை இப்போதுதான் அறுக்கத் தொடங்கியிருக்கிறார்.